ஒன்பது சதவீத ‘ங்க’

கொங்கு நாட்டில் இருபத்து மூன்று நாட்கள் யாரும் யாருக்கும் மரியாதை கொடுத்துப் பேசவில்லை. அதற்குக் காரணம் நான்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இப்போது வெட்கமில்லை. விஷயம் நல்லபடியாக முடிந்து, கல்யாணச் சாப்பாடும் சாப்பிட்டாயிற்று.

என் பெயர் ஜெபசெல்வி. ஊர் தூத்துக்குடி, வேலை கோயம்புத்தூரில், ஒரு மொபைல் கம்பெனியில். எங்களுடைய எட்டாம் தலைமுறை நெட்வொர்க்குக்கு ‘சாரம்’ என்று பெயர் வைத்திருந்தோம். பெயரை நான்தான் வைத்தேன் என்பதில் அப்போது கொஞ்சம் கர்வமும் இருந்தது.

‘சாரம்’ எதற்கு வந்தது என்றால், காற்றில் இடம் தீர்ந்துவிட்டது. முன்பெல்லாம் மனிதர்கள் மட்டும் போன் பேசினார்கள். இப்போது கார் பேசுகிறது, கண்ணாடி பேசுகிறது, பால் மாட்டின் கழுத்துப்பட்டை பேசுகிறது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மரத்துக்கு மரம் ஒரு கருவி மாட்டி, எனக்குத் தண்ணீர் போதவில்லை, எனக்கு வண்டு விழுந்துவிட்டது என்று மரங்கள் இருபத்து நான்கு மணி நேரமும் முறையிட்டுக்கொண்டிருக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் ஒரு மனிதன் தன் மனைவியிடம் வெங்காயம் வாங்கணுமா என்று கேட்க வேண்டும்.

எங்கள் டவர்களைப் பார்த்துக்கொள்பவர் தெய்வசிகாமணி. ஆபீஸில் எல்லோருக்கும் சிகா. நெகமத்துக்காரர், முப்பத்தொரு வயது, நூறடி உயரத்தில் நின்றுகொண்டு டீ குடிக்கக்கூடியவர். ‘சாரம்’ பற்றி முதன்முதலில் அவரிடம்தான் விளக்கினேன்.

“டவரு மேல டவரு வெச்சாச்சுங்க மேடம்” என்றார் சிகா. “இனி வெக்கோணும்னா நெலாவுலதான் வெக்கோணும்.”

“அதான் சிகா, இனிமே பேச்சையே அனுப்பப் போறதில்ல. அர்த்தத்த மட்டும் அனுப்பப் போறோம்.”

“அப்பறம் கொரலுங்க?”

“ஒங்க குரல் கேக்கிறவரு போன்ல முன்னாடியே இருக்கும். இங்க இருந்து ‘நாளைக்கு வரல’ன்னு ஒரு சின்னக் குறிப்புதான் போகும். அங்க உள்ள போன் அத ஒங்க தொண்டையில, ஒங்க இழுவையோட பேசிரும். கேக்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது.”

சிகா கொஞ்சம் யோசித்தார். “காப்பித்தூள மட்டும் அனுப்பிச்சுட்டு, அங்க சுடுதண்ணி ஊத்திக்கறாப்பலீங்க.”

இதைவிட நன்றாக எங்கள் விளம்பரத்தில்கூட யாரும் சொல்லவில்லை.

‘சாரம்’ நன்றாகவே ஓடியது. ஆனால் போதவில்லை. இன்னும் குறை, இன்னும் குறை என்று தலைமை அலுவலகம் நச்சரித்தது. நான் கோவை வட்டாரத்தின் ஒரு மாதப் பேச்சை எடுத்து, அர்த்தமே இல்லாமல் காற்றில் இடத்தை அடைக்கும் சொற்கள் எவை என்று தேடினேன். ‘அதாவது’ வந்தது, ‘வந்து’ வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, யாரும் எட்ட முடியாத உயரத்தில், ஒரு சின்ன ஒலி உட்கார்ந்திருந்தது.

ங்க.

ஆமாங்க, இல்லீங்க, சரீங்க, அப்படீங்களா, வந்தர்றனுங்க. எடுத்தாலும் அர்த்தம் மாறவில்லை. சென்னையில் நாற்பது பேரை உட்கார வைத்து, ‘ஆமாங்க’, ‘ஆமா’ இரண்டையும் போட்டுக் காட்டி, ஒரே அர்த்தமா என்று கேட்டோம். நாற்பது பேரும் ஒரே அர்த்தம் என்றார்கள். அந்த நாற்பதில் ஒருவர்கூடக் கொங்கு நாட்டுக்காரர் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. தூத்துக்குடிக்காரி எனக்கு அது எப்படித் தோன்றும்?

தூக்கிவிட்டேன். ஒரே ராத்திரியில் ஒன்பது சதவீதம் மிச்சம். தலைவர் ரகோத்தமன் சென்னையிலிருந்து கேக் அனுப்பினார். அதில் ஒன்பது என்று கிரீமில் எழுதியிருந்தது.

புகார் ஒன்றும் வரவில்லை. அதுதான் வேடிக்கை. எங்கள் புகார்ப் படிவத்தில் சிக்னல் இல்லை, குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்றெல்லாம் கட்டங்கள் உண்டு. ‘மருமகனுக்குத் தலைக்கனம்’ என்று கட்டம் கிடையாது. எதிரில் பேசுகிறவருக்குத்தான் திமிர் வந்துவிட்டது என்று அவரவர் நினைத்துக்கொண்டார்கள், நெட்வொர்க்கின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் திடீரென்று பதவியை ராஜினாமா செய்தார். அன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரும் கணக்கு வாத்தியாரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள் என்று கேண்டீனில் யாரோ சொன்னார்கள். வெயில் அதிகம், அதனால் எல்லோருக்கும் கோபம் வருகிறது என்று நான் நினைத்தேன்.

இருபத்தோராம் நாள் மதியம் சிகா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன சிகா, சாப்பிடலையா?”

“நிச்சயதார்த்தம் நின்னு போச்சுங்க மேடம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கும் கோட்டூர் கோகிலவாணிக்கும் கல்யாணம் பேசி முடித்து, சீலைகூட எடுத்துவிட்டார்கள். கோகிலவாணி கால்நடை மருத்துவர். அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சிகா டவரில் ஏறுவதையே மறந்துவிடுவார்.

“ஏன்? என்னவாம்?”

“தெரியலீங்க. அவங்க அப்பா நாச்சிமுத்து மாமா போன் பண்ணுனாரு, நானு பேசுனேன். அடுத்த நாள் எங்கப்பாவக் கூப்புட்டு, உங்க பையனுக்குப் படிச்ச திமிரு, இந்தச் சம்மந்தம் வேண்டாம்னுட்டாராம். அந்த மனுசனும் எங்கப்பாகிட்ட ஒரு மாதிரி வெடுக்குனு பேசுனாராம். எங்கப்பாவும் முறுக்கிட்டாரு.” அவர் குரல் இறங்கியது. “நெசமாச் சொல்றனுங்க, கொஞ்ச நாளா எல்லாருமே எங்கிட்ட அப்படித்தான் பேசறாங்க. என்ற தங்கச்சி கூட. நானு என்ன தப்புப் பண்ணுனேன்னே தெரியலீங்க.”

ஊழியர்களின் போன்கள் சோதனைக்காக, பேசியது என்ன, போய்ச் சேர்ந்தது என்ன, இரண்டையும் பதிந்து வைத்திருக்கும். சிகாவின் அனுமதியோடு அந்தப் பதிவைப் போட்டேன்.

அவர் பேசியது: “ஆமாங்க மாமா. சரீங்க. வெள்ளிக்கெழம வந்தர்றோமுங்க.”

போய்ச் சேர்ந்தது: “ஆமா மாமா. சரி. வெள்ளிக்கெழம வந்தர்றோம்.”

அதே குரல், அதே இழுவை, தொண்டையில் லேசான சளி உட்பட. சிகா தன்னையே முதல் தடவை பார்ப்பவர் மாதிரி அந்தப் போனைப் பார்த்தார். அவருடைய தங்கை, அந்தச் செயலாளர், கணக்கு வாத்தியார் எல்லோரும் வரிசையாக மனதில் வந்தார்கள்.

“சிகா, இது நான் செஞ்சது. ‘ங்க’வுக்கு அர்த்தம் இல்லன்னு நான்தான் எடுத்துட்டேன்.”

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்: “நீங்க பண்ணுனது பெரிய தப்புங்க மேடம். என்ற பொழப்பையே கெடுத்துப் போட்டீங்க.”

“இவ்வளவு கோவத்துலயும் ‘ங்க’ போடுதீங்களே சிகா.”

“கோவத்துலதானுங்க கண்டிப்பாப் போடோணும். நல்லா இருக்கறப்ப விட்டுப்போனா ஆரு கேக்கப் போறா?”

ஐந்து வருஷம் கோயம்புத்தூரில் இருந்தும் எனக்கு அந்த ஊர் அன்றைக்குத்தான் புரிந்தது.

ரகோத்தமனைக் கூப்பிட்டேன். அவர் கெட்டவரில்லை. ஆனால் ஒன்பது சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

“அர்த்தம் மாறலையேம்மா? ஆமான்னா ஆமா. ஆமாங்கன்னாலும் ஆமா.”

“மாறிட்டு சார். ஒரு கல்யாணமே நின்னுட்டு.”

“ஒரு எழுத்துக்காக இன்னும் நானூறு டவர் கட்டச் சொல்றியா? காத்துல ஒரு துளி பாரம்கூட ஏறக் கூடாது. மத்தபடி என்ன வேணா பண்ணிக்கோ.”

அப்படியானால் ஒரே வழிதான். ‘ங்க’வை அனுப்ப வேண்டாம், கேட்கிற போனே போட்டுக்கொள்ளட்டும். யார் யாருக்கு ‘ங்க’ போடுவார்கள் என்று தெரிந்தால் போதும். சிகாவைக் கேட்டேன்.

“எல்லாத்துக்குமுங்க.”

“சின்னப் பிள்ளைகளுக்கு?”

“அதுகளுக்குந்தானுங்க.”

“மாட்டுக்கு?”

உண்மையாகவே யோசித்தார். “கன்னுக்குட்டிக்கு உண்டுங்க. காளைக்கு ஆளப் பொறுத்துங்க.”

அதற்குக் கணினி நிரல் எழுதி ஊரெங்கும் உள்ள போன்களில் போட மூன்று நாள் ஆகும். அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. மறுநாள் ஞாயிறு. காலையிலேயே சிகாவை இழுத்துக்கொண்டு கோட்டூர் கிளம்பினேன்.

நாச்சிமுத்து அறுபது வயதைத் தாண்டியவர், தென்னை விவசாயிகள் சங்கத் தலைவர். வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை. சிகாவைக் கண்டதும் முகம் கல்லாகிவிட்டது.

“வாங்க, ஒக்காருங்க. எளநி குடிச்சுட்டுக் கெளம்புங்க. வேற பேச்சில்லீங்க” என்றார்.

கோபத்தில் கண்டிப்பாகப் போட வேண்டும் என்ற விதிப்படி சரியாகப் போட்டார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “பழியத் தூக்கி மெசின் மேல போடறீங்க. நல்லாருக்குதுங்க” என்றார்.

“ஐயா, ஒங்க போன்லயே பாத்திருவோம். ஒங்க பொண்ணு உள்ளதான இருக்காங்க? கூப்பிட்டு ஏதாவது சொல்லுங்க.”

அரைமனதாகப் போனை எடுத்தார். “அம்மிணி, எளநி ரெண்டு கொண்டு வாங்க சாமி. விருந்தாளிங்க வந்திருக்காங்க.”

இரண்டு நிமிஷத்தில் கோகிலவாணி போனும் கையுமாக வாசலுக்கு வந்தாள். இளநீரைக் காணோம். சிகாவைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று, பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“ஏனுங்கப்பா, எம்மேல என்ன கோவமுங்க?”

“கோவமா? எனக்கென்ன கோவம்?”

அவள் போனில் கடைசியாகக் கேட்டதைத் திருப்பிப் போட்டாள். நாச்சிமுத்துவின் கனத்த குரல் வாசல் முழுக்கக் கேட்டது: “அம்மிணி, எளநி ரெண்டு கொண்டு வா சாமி.”

அவர் முகத்தை நான் மறக்க முடியாது. “நானா? என்ற புள்ளைய நானு ‘வா’ன்னு கூப்புடுவனா?” என்றார். பிறந்த நாள் முதல் அவளை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லையாம்.

பிறகு அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். இருபத்திரண்டு நாளில் யார் யாருக்கெல்லாம் போன் செய்தோம் என்று. சங்கத்துச் செயலாளர், மோட்டார் மெக்கானிக், கோயில் பூசாரி, ஆழியாறு மச்சான். எண்ணிக்கொண்டே வந்தவர் ஒரு பெயரில் நின்றுவிட்டார்.

“உங்கப்பாகிட்டப் பேசுனேன்” என்றார் சிகாவிடம். “சம்மந்தம் வேண்டாம்னு சொன்னனுங்க மாப்ள. முறிக்கறதக்கூட மரியாதையாத்தான முறிச்சேன். அதையும் இது எடுத்துப்போட்டுதுங்களா?”

“எடுத்துருச்சுங்க மாமா” என்றார் சிகா.

நாச்சிமுத்து எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிச் சாவியைத் தேடினார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டேன். நெகமம் போய் முதலில் சம்பந்தியைப் பார்த்துவிட்டு, அப்படியே ஒவ்வொரு வீடாகப் போக வேண்டும் என்றார்.

“இருங்க ஐயா, மூணு நாள்ல எல்லாம் சரியாயிரும். அந்தந்தப் போனே ‘ங்க’ போட்டுக்கும்.”

செருப்பில் கால் நுழைத்தவர் திரும்பிப் பார்த்தார். “நானு சொன்னாலும் சொல்லாட்டியும் அது போட்டுக்குமுங்களா?”

“ஆமா.”

“அப்பறம் நெசமாச் சொன்னனான்னு அவங்களுக்கு எப்படீங்க தெரியும்?”

பதிலுக்குக் காத்திராமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

இளநீர் ஒருவழியாக வந்தது. கொடுத்துவிட்டு கோகிலவாணி தயங்கினாள்.

“ஏனுங்க மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? இந்த மூணு வாரமா இவரு எங்கிட்டயும் ‘ங்க’ போடாமத்தான் பேசுனாருங்க.”

சிகா நெளிந்தார். “அது நானில்லீங்க, மெசினுங்க. நானு ஒழுங்காத்தான் போட்டேன்.”

“தெரியுதுங்க” என்றாள் அவள். “எனக்கு அது நல்லாத்தானுங்க இருந்துச்சு. கொஞ்சம் கிட்ட வந்துட்டாருன்னு நெனச்சேன். எங்க ரெண்டு பேருக்கு மட்டும் அத அப்படியே வெச்சுத் தர முடியுங்களா?”

நூறடி உயரத்தில் டீ குடிக்கிற மனிதர் தரையில் உட்கார்ந்துகொண்டு இளநீரில் புரையேறி இருமினார். அன்றைக்கு முழுக்க நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் நிரல் ஊரெங்கும் போயிற்று. அவசரத்தில் எழுதியதால் கொஞ்சம் தாராளமாகவே எழுதியிருந்தேன். பேச்சின் ஒரு முனை கோவை வட்டாரத்தில் இருந்தால் போதும், இரண்டு பக்கமும் ‘ங்க’ கொட்டும். திட்டுகிறவரும் ‘ங்க’ போட்டுத் திட்டினார். ராங் நம்பர்காரர் ‘ங்க’ போட்டு வருத்தம் தெரிவித்தார். ரகோத்தமன் சென்னையிலிருந்து, “ஏம்மாங்க, ரிப்போர்ட் எங்கங்க?” என்றார். தூத்துக்குடியிலிருந்து அம்மா கூப்பிட்டு, “ஏட்டிங்க, சாப்பிட்டியாங்க?” என்று கேட்டாள். இருபத்தொன்பது வருஷத்தில் அம்மா எனக்குக் கொடுத்த முதல் மரியாதை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னட்டிங்க சிரிக்கேங்க என்று அவள் வேறு கோபித்துக்கொண்டாள்.

இதற்குள் நாச்சிமுத்து மூன்று நாளில் நாற்பத்தொரு வீடு ஏறி இறங்கிவிட்டார். முதல் வீடு நெகமம். போன வேகத்தில் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, “சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க, சொன்ன விதத்துக்கும் மன்னிச்சுக்கோங்க” என்றாராம். சிகாவின் அப்பா பதிலுக்கு எத்தனை ‘ங்க’ போட்டார் என்று யாரும் எண்ணவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு அந்த இடத்திலேயே நாள் குறித்துவிட்டார்கள். பிறகு சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்ன நாச்சிமுத்து, ஒரே வரியில் முடித்தார்: “போன்ல வர்றது கம்பெனி ‘ங்க’. நேர்ல சொல்றதுதானுங்க நம்ம ‘ங்க’.”

அந்த வரி கோட்டூரிலிருந்து பொள்ளாச்சி போய், அங்கிருந்து திருப்பூர், ஈரோடு என்று ஊரூராகப் போயிற்று. இருபத்து மூன்று நாளில் யார் மனம் நொந்ததோ, யார் யாரை நோக வைத்தார்களோ என்று எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. எதற்கும் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். அன்னூர்த் தலைமையாசிரியர் கணக்கு வாத்தியார் வீட்டுக்கு மைசூர்பாகோடு போனார். எங்கள் குடியிருப்புச் செயலாளர் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வீடு வீடாக வந்து காபி குடித்தார். சாயங்கால பஸ்களில் உட்கார இடமில்லை. முக்கியமான சேதி எதுவானாலும் நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்றாகிவிட்டது. நேரில் போனவர்கள் சொல்ல வந்ததை ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தார்கள். அந்த மூன்று மணி நேரமும் யாரும் போனைத் தொடவில்லை.

எங்கள் ஆபீஸ் திரையில் கோவை வட்டாரத்தின் கோடு இறங்க ஆரம்பித்தது. முதல் வாரம் பன்னிரண்டு சதவீதம். அடுத்த வாரம் இருபது. கருவி கெட்டுவிட்டதோ என்று இரண்டு தடவை மாற்றிப் பார்த்தோம். கருவி நன்றாகவே இருந்தது. தென்னை மரங்கள் மட்டும் எப்போதும்போல் முறையிட்டுக்கொண்டிருந்தன. ரகோத்தமனுக்கு நான் எண்ணிக்கையை மட்டும் அனுப்பினேன். காரணம் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஆவணியில் கல்யாணம் நெகமத்தில் நடந்தது. மண்டபம் கொள்ளவில்லை. அழைப்பு முழுவதையும் இரு வீட்டாரும் நேரில் போய்க் கொடுத்திருந்ததால், அழைக்கப்பட்டவர்களில் ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை. நான் கொடுத்த பரிசு ஒரு உறைக்குள் இருந்தது. இரண்டு போன் எண்கள், அவற்றின் கீழே நிரலில் நான் சேர்த்த ஒரு வரி: ‘இவ்விருவருக்கிடையில் ங்க கிடையாது.’ படித்துவிட்டு கோகிலவாணி மணமேடையிலேயே சிரித்தாள். சிகா மட்டும், “நேர்ல நானு போடுவனுங்க, அதுல மட்டும் கைய வெச்சுராதீங்க” என்றார்.

பந்தியில் உட்கார்ந்து இலையில் இனிப்பு விழுந்தபோது போன் அடித்தது. ரகோத்தமன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“ஜெபாங்க, முப்பத்தொரு சதவீதங்க. நாட்டுலயே எந்த வட்டாரத்துலயும் இல்லாத சாதனைங்க. போர்டுல எல்லாரும் கேக்கறாங்க, என்ன டெக்னாலஜிங்க அது?”

மண்டபத்தைப் பார்த்தேன். வாசலில் நாச்சிமுத்து கைகூப்பி நின்று, வருகிறவர் ஒவ்வொருவரையும் “வாங்க, வாங்க” என்று அழைத்துக்கொண்டிருந்தார். ஒரு கைக்குழந்தைக்கும் தனியாக ஒரு ‘வாங்க’ விழுந்தது.

“அத போன்ல சொல்ல முடியாது சார்” என்றேன். “நேர்ல வாங்க, சொல்றனுங்க.”

அந்தக் கடைசி ‘ங்க’ நான் சொன்னதா, நிரல் போட்டதா என்று அவருக்குத் தெரிந்திருக்காது. வந்தால் தெரிந்துகொள்வார்.